தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போன தாண்டவம்

எழும்பூரில் ரயில் ஏறுவதற்கு முன்பே முனைவர் மங்கையர்க்கரசி தன் டெக்னீஷியன் ஏகாம்பரத்திடம் கறாராகச் சொல்லிவிட்டார். "மதுரை போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது." ஏகாம்பரமும் "சரிங்க மேடம்" என்றார். அன்றைக்கு அவர் சொன்ன முதல் பொய் அதுதான்.

மங்கை மேடத்துக்குப் பொய் வராது. மணி கேட்டால்கூட "என் வாட்ச் ரெண்டு நிமிஷம் முன்னே பின்னே இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுத்தான் மணியைச் சொல்வார். ஏகாம்பரம் நேர் எதிர். காஞ்சிபுரத்துக்காரர், ஐம்பது வயது. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும்வரை அவரைப் போல ஒரு வேலைக்காரர் கிடையாது. கை சும்மா இருந்தால் வாய் வேலையை எடுத்துக்கொள்ளும்.

இரண்டு பேரும் மேற்படிப்பு நிலையம் ஒன்றின் இசைக்கருவி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார்கள். அவர்கள் காலடியில், எதிரெதிர் இருக்கைகளுக்கு நடுவே, கால் வைக்கிற இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு மரப்பெட்டி இருந்தது. உள்ளே மிருதங்கம் வாசிக்கிற ரோபோ. இரண்டு கை, பத்து விரல், ஒரு மிருதங்கம், அவ்வளவுதான். தலையும் கிடையாது, காலும் கிடையாது. ஆய்வுக்கூடத்துக் காகிதங்களில் அதற்கு ஏதோ எழுத்தும் எண்ணும் சேர்ந்த பெயர். ஏகாம்பரம் வைத்த பெயர் தாண்டவம்.

போன வருஷம் தாண்டவத்தைக் கோயம்புத்தூருக்கு லக்கேஜ் வேனில் அனுப்பினார்கள். போய் இறங்கியபோது இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கிற குழுவின் முன்னால் பாவம், ஒற்றைக் கையால் வாசித்தது. குழுத் தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு" என்றார். அந்த ஒரு வாய்ப்பு நாளைக் காலை பத்து மணிக்கு மதுரையில். நாளைக்கும் கை உடைந்து போனால் ஆய்வுக்கூடத்துக்குப் பூட்டுதான். அந்த அறையை ஜெராக்ஸ் கடைக்குக் கொடுப்பதாக ஏற்பாடு, கடைக்காரர் வந்து சுவரை அளந்துவிட்டும் போனார். துறையின் வேன் வேறு யாரோ ஒரு பெரியவரை அழைத்து வரப் போய்விட்டது. அதனால்தான் இந்தப் பகல் ரயில். பெட்டி கண் முன்னாலேயே மதுரை வரை வர வேண்டும். டி.டி.ஆர். கண்ணில் பட்டால் லக்கேஜ் வேனுக்கு அனுப்பிவிடுவார் என்று மங்கை மேடம் ஏறியதிலிருந்து இரண்டு பக்கக் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செங்கல்பட்டு ஏரி வருவதற்குள் எதிர் இருக்கையில் முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

எதிரே உட்கார்ந்திருந்தவர் தவில் வித்வான் வலங்கைமான் சொக்கலிங்கம். சென்னையில் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்புகிறார். அவருடைய தவில் உறை போட்டு இருக்கைக்கு அடியில் மரியாதையாக இருந்தது. அவருடைய முழங்கால் இரண்டும் மரப்பெட்டியில் முட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் ரெஜினா டீச்சர், திண்டுக்கல்லில் கணக்குப் பாடம் எடுப்பவர். ஜன்னலோரத்தில் ஒருவர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு எழும்பூரிலிருந்தே தூங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இது என்ன பீரோவா?" என்றார் வித்வான். "என் முழங்காலை நான் எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?"

"மன்னிச்சுக்கணும் ஐயா. நாப்பத்திரண்டு கிலோ. நகர்த்த முடியல."

"லக்கேஜ் வேன்னு ஒண்ணு எதுக்குங்க வச்சிருக்கான்?" என்றார் டீச்சர். "டி.டி.ஆர். வரட்டும், நானே சொல்றேன்."

மங்கை மேடம் பதறிப்போய் ஏகாம்பரத்தைப் பார்த்தார். வாயைத் திறக்காதே என்பதற்காகத்தான் பார்த்தார். ஏகாம்பரம் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

"ஐயா, சத்தமாப் பேசாதீங்க. உள்ள ஒரு வித்வான் இருக்காரு. ரோசக்காரரு."

"பெட்டிக்குள்ளயா?"

"பேரு தாண்டவம். மிருதங்கம். மிஷின்தான், ஆனா மிஷின்னு அவன் காதுபட சொல்லிடாதீங்க. இடது பக்கத் தோல்ல, அதான் தொப்பியில, பூசற ரவை இருக்கு பாருங்க, ஒரு நாள் மறதியா வறுத்த ரவையைக் குழைச்சுப் பூசிட்டேன். தொட மாட்டேன்னுட்டான். 'உப்புமா கிண்டறதுக்கா என்னைப் பண்ணீங்க'ன்னு கேக்கற மாதிரி ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு உட்கார்ந்துட்டான். மூணு நாள். அப்புறம் நான் மளிகைக் கடைக்காரரையே கூட்டிட்டு வந்து மன்னிப்புக் கேக்க வச்சேன்."

"கதை விடறீங்க" என்றார் டீச்சர்.

"ரசீது இருக்கு டீச்சர், லேப்ல. கேளுங்க. அவனுக்கு வாசிக்கக் கத்துக்கொடுக்கணும் இல்லையா? நானூறு கச்சேரி ரெக்கார்டிங்கை அப்படியே உள்ள ஊத்தினோம். அங்கதான் வினை. ரெக்கார்டிங்ல மிருதங்கம் மட்டுமா இருக்கு? எல்லாமே இருக்கு. எல்லாத்தையும் சங்கீதம்னே எடுத்துக்கிட்டான். முதல் நாள் சுவிட்சைப் போட்டோம். ஒரு தட்டு தட்டல. மைக்காரனைப் பார்த்து ஒரு விரலை மேல தூக்கினான்."

சிரிப்பை அடக்கியதில் வித்வானுக்கு உதடு துடித்தது. மானிட்டர் ஸ்பீக்கர் சத்தத்தை ஏற்று என்று மைக்காரருக்கு ஒரு விரல் காட்டாத வித்வான் இந்த நாட்டில் கிடையாது.

"ஏத்தினோம். பத்தல, இன்னும் ஏத்துன்னான். முக்கால் மணி நேரம் ஏத்தினோம் ஐயா. அதுக்கு மேல ஏத்தறதுக்கு இடமில்ல. அந்த நேரம் பார்த்து ஹாஸ்டல்ல யாரோ தும்மினான். அந்தத் தும்மல் எங்க ஸ்பீக்கர்ல வந்து, ரெண்டாவது மாடி ஜன்னல் கண்ணாடி மொத்தமும் தாளத்தோட இறங்கிடுச்சு."

வித்வான் முழங்காலை மறந்து முன்னால் சாய்ந்திருந்தார். ஆனாலும் விவரமான மனுஷர். நேராக மங்கை மேடத்தைப் பார்த்துக் கேட்டார். "நெசமாம்மா?"

மங்கை மேடத்தால் முடியவில்லை. "இல்லீங்க ஐயா" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். "ஆதி தாளம் மட்டும்தான் வாசிக்கும். எட்டு நிமிஷம். அதுக்கு மேல இடது தோள் மோட்டார் சூடாயிடும். ஜன்னல் எதுவும் உடையல."

வித்வான் பின்னால் சாய்ந்தார். "எட்டு நிமிஷமா? எட்டு நிமிஷத்துக்கு என் முழங்காலா?" அவ்வளவு நேரம் நினைவில் இல்லாத வலி அவருக்கு இப்போது இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. டீச்சர் எட்டிப் பார்த்து, "டி.டி.ஆர். எந்தப் பெட்டியில இருக்கார்னு தெரியலையே" என்றார்.

மங்கை மேடத்துக்குச் சுருக்கென்றது. நாலு வருஷமாக உண்மையைச் சொல்லிச் சொல்லித்தான் ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து சுவரை அளக்கிற நிலைமைக்கு வந்திருந்தார். பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தை அன்றைக்குச் செய்தார். ஏகாம்பரத்தைப் பார்த்து, மேலே சொல்லுங்கள் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

ஏகாம்பரத்துக்கு அது போதாதா? சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"மேடத்துக்கு அடக்கம் ஜாஸ்தி. எட்டு நிமிஷம்னு சொல்றாங்களே, ஏன் எட்டு நிமிஷம்னு கேளுங்க. அதுக்கு மேல அவன் மேடையில இருக்க மாட்டான். போன மார்கழியில ஒரு சபாவுல வச்சோம். பாட்டுக்காரர் பாடி முடிச்சுட்டு, தனி ஆவர்த்தனத்துக்கு விட்டாரு. இனிமே மிருதங்கம் மட்டும்தான்னு பேரு. நானூறு ரெக்கார்டிங்லயும் அந்த இடத்துல என்ன கேட்டிருக்கு? நாற்காலி நகர்ற சத்தம். செருப்பு சத்தம். 'வா, போண்டா தீர்ந்துடும்'னு ஒரு குரல். அவன் என்ன நினைச்சுக்கிட்டான், தனி ஆவர்த்தனம்னா எல்லாரும் எழுந்து கேன்டீனுக்குப் போறதுதான் சம்பிரதாயம்னு நினைச்சுக்கிட்டான். எட்டாவது நிமிஷம் மிருதங்கத்தைத் தள்ளி வச்சான். எழுந்தான். போயிட்டான்."

"கால் இருக்கா அதுக்கு?" என்றார் டீச்சர்.

"கால் இல்ல டீச்சர். அதான் ஆச்சரியம்."

வித்வான் சிரித்த சிரிப்பில் ரயில் பெட்டியே ஆடியது. ஜன்னலோரத்துத் துண்டு மட்டும் அசையவில்லை.

"நாங்க போய்ப் பார்த்தா க்யூவுல முதல் ஆளா நிக்கறான். ரசிகருங்க எல்லாம் பின்னாடி. கூப்பனை ரெண்டு விரலால பிடிச்சுக்கிட்டு இருக்கான், தாளம் தப்பாம. 'இவ்வளவு நேரம் வாசிச்சவருக்கு முதல்ல கொடுப்பா'ன்னு கேன்டீன்காரரு சூடா ஒரு போண்டா எடுத்து வச்சாரு. என் சர்வீஸ்ல தனி ஆவர்த்தனத்துக்கு அவ்வளவு கூட்டம் நின்னு பார்த்தது அன்னைக்குத்தான்."

"அதென்னவோ நெசம்" என்றார் வித்வான். சிரிப்பு அடங்கி, குரல் வேறு மாதிரி ஆகியிருந்தது. "எங்களுக்கும் அதே கதைதான் தம்பி. நேத்து விடியக்காலையிலேருந்து நாலு மணி நேரம் வாசிச்சேன். ஒருத்தன் தலையாட்டணுமே, கிடையாது. தாலி கட்டற நேரத்துல ஐயரு விரலை ஆட்டினாரு, 'கெட்டி மேளம், கெட்டி மேளம்'னு. அதுக்கு மட்டும்தான் நான் இருக்கேன்னு ஊருக்குத் தெரியும்."

மங்கை மேடம் பேச வேண்டும் என்று நினைக்கவில்லை, தானாக வந்துவிட்டது. "ஐயா, ஒரு சாப்பு அடி விழறதுக்கு முன்னாடி கை கொஞ்சம் தயங்குமே. அந்தத் தயக்கத்தைத்தான் நாலு வருஷமா சொல்லிக் கொடுத்துக்கிட்டு இருக்கேன்."

"தயங்குதா?"

"பத்துக்கு ஆறு தடவை."

வித்வான் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "எனக்கு அது வரப் பத்து வருஷம் ஆச்சும்மா" என்றார். பிறகு முழங்காலை மெல்ல ஒருக்களித்து, பெட்டிக்கு நாலு விரற்கடை இடம் விட்டார்.

இந்த இடத்தோடு நிறுத்தியிருந்தால் ஏகாம்பரம் நல்ல மனுஷர். நிறுத்துவாரா?

"கெட்டி மேளம்னதும் ஞாபகம் வருது. அந்த விரல் ஆட்டறதையும் அவன் கத்து வச்சிருக்கான். எங்க டீன் ஒரு நாள் லேப் வாசல்ல நின்னு மேடத்தைக் கோவிச்சுக்கிட்டாரு. 'இதான் கடைசி எச்சரிக்கை'ன்னு விரலை ஆட்டினாரு. அவ்வளவுதான். உள்ளேருந்து எடுத்தான் பாருங்க கெட்டி மேளம்."

"மிருதங்கத்துல கெட்டி மேளமா?" வித்வானுக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது.

"அதான் ஐயா ஆராய்ச்சிங்கறது. டீன் இன்னும் வேகமா விரலை ஆட்டறாரு, அவன் இன்னும் பலமா வாசிக்கறான். சத்தம் கேட்டு மூணு டிபார்ட்மென்ட்லேருந்தும் ஓடி வந்தாங்க. அட்சதை இல்ல, சுண்ணாம்புக் கட்டியை உதிர்த்துப் போட்டாங்க. அந்த நேரம் பார்த்து வராந்தாவுல ரெண்டு பி.எச்.டி. பசங்க, ஒரு பையன் ஒரு பொண்ணு, எதேச்சையா பக்கத்துல பக்கத்துல நின்னுட்டாங்க. அட்சதை தலையில விழுந்துடுச்சு. அப்புறம் என்ன செய்யறது? டீன்தான் பெரிய மனுஷரா நின்னு ஆசீர்வாதம் பண்ணாரு. இப்ப அவங்க குழந்தை எல்.கே.ஜி. படிக்குது."

டீச்சர் விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். "இந்த தாண்டவத்தை ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?"

"நாலு வருஷம் எட்டு மாசம்" என்றார் மங்கை மேடம். சரியான விடை என்று ஒன்று இருந்தால் அவரால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

"அதுக்குள்ள கல்யாணமாகி, குழந்தை பிறந்து, எல்.கே.ஜி. எப்படி சார் வரும்?"

"கெட்டிக்காரக் குழந்தை டீச்சர்" என்றார் ஏகாம்பரம். "அப்பா அம்மா ரெண்டு பேரும் பி.எச்.டி. இல்லையா?"

டீச்சர் தன் டிபன் டப்பாவைத் திறந்து முறுக்கு நீட்டினார். கணக்கு வாத்தியார் ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்கிற முறை அது. முறுக்கைக் கடித்துக்கொண்டே ஏகாம்பரம் புளுகில் மேலே ஏறிக்கொண்டே போனார். தாண்டவம் மிருதங்கத்தில் தாளம் போட்டதில் ஆய்வுக்கூடத்துச் சுவர்க்கடிகாரம் வெட்கப்பட்டு நின்றுபோனது. எதிர்த்த வீட்டுக் குக்கர் மூன்றாவது விசிலைத் தாளம் தொடங்குகிற சமத்தில்தான் விட வேண்டும் என்று காத்திருந்ததில் சாதம் குழைந்துபோனது. விழுப்புரம் தாண்டியதும், "இன்னைக்கு இந்த ரயில் கடகடன்னு ஒரே காலப்பிரமாணத்துல போகுதே, யாராலன்னு நினைச்சீங்க?" என்று பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"ரயில் பன்னெண்டு நிமிஷம் லேட்டுங்க" என்றார் டீச்சர்.

"விளம்ப காலத்துல இருக்கான். சாயந்திரம் ஆனா துரிதம் எடுப்பான்."

விருத்தாசலம் தாண்டி டி.டி.ஆர். வந்தார். ஒல்லியானவர், நெற்றியில் கலையாத விபூதி, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லை. நாலு பேர் டிக்கெட்டையும் பார்த்தார். துண்டுக்கு அடியிலிருந்து நீண்ட ஐந்தாவது டிக்கெட்டையும் பார்த்தார். கடைசியில் பெட்டியைப் பார்த்தார்.

"இது யாரோடது? இவ்வளவு பெரிய லக்கேஜை இங்க வைக்கக் கூடாது. அரியலூர்ல இறக்கி லக்கேஜ் வேன்ல போட்டுடுங்க."

மங்கை மேடம் பெட்டியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அந்த மணிக்கட்டை அவரே மூன்று மாதம் உட்கார்ந்து ஒட்டியிருந்தார். இன்னொரு தடவை முறிந்தால் ஒட்டுவதற்கு ஆய்வுக்கூடமே இருக்காது.

ஆனால் எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. "சார், அதை லக்கேஜ்னு சொல்லாதீங்க" என்றார் ரெஜினா டீச்சர். டி.டி.ஆரிடம் நானே சொல்கிறேன் என்று கிளம்பியவர் அவர்தான். "அது ஒரு வித்வான்."

"ஆமாங்க" என்றார் சொக்கலிங்கம். "நம்ம தொழில்காரரு. வேன்ல போட்டா எனக்கு மனசு கேக்காது."

டி.டி.ஆர். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு ஏகாம்பரத்தைப் பார்த்தார். "வித்வானா?"

"பெரிய வித்வான் சார்."

"கோபம் வருமா?"

"ரவை மாறினாலே வரும் சார்."

"சாப்பிடுவாரா?"

"போண்டா சார். சூடா இருக்கணும்."

"எழுந்து நடமாடுவாரா?"

"கேன்டீன் வரைக்கும் சார்."

"அப்ப இது லக்கேஜ் இல்ல" என்றார் டி.டி.ஆர்.

"இல்லவே இல்ல சார்" என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

"ஆள்."

"ஆள்தான் சார்."

"டிக்கெட் எங்க?"

ஏகாம்பரம் வாயைத் திறந்தார். இருபத்தைந்து வருஷ சர்வீஸில் முதல் தடவையாக அவரிடம் சரக்கு தீர்ந்திருந்தது. டீச்சர் முறுக்கு டப்பாவை மூடினார். வித்வான் தன் தவிலைக் காலால் இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டார், அதற்கும் டிக்கெட் கேட்டுவிடப் போகிறார் என்று.

எல்லாருமாக மங்கை மேடத்தைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். கைப்பையிலிருந்து மடித்து வைத்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். ஆராய்ச்சிக்கு அனுமதி கொடுத்த கடிதம், சீலும் தேதியும் போட்டது.

"அவனுக்கு இன்னும் அஞ்சு வயசு ஆகல சார்" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. அதுதான் ஏகாம்பரத்துக்குத் தாங்கவில்லை. இத்தனை வருஷம் மாங்கு மாங்கென்று புளுகியும் இப்படி ஒன்று தனக்குக் கிடைக்கவில்லையே என்று மேடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

டி.டி.ஆர். கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். தேதியைப் பார்த்து விரல்விட்டு எண்ணினார். "நாலு வருஷம் எட்டு மாசம்" என்றார். "சரிதான். அஞ்சு வயசுக்குள்ள டிக்கெட் தேவையில்ல."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார். மங்கை மேடம் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது. ஏகாம்பரம் வித்வானிடம், "பார்த்தீங்களா, எங்க மேடம்" என்று ஆரம்பித்தார்.

இரண்டு இருக்கை தள்ளிப் போன டி.டி.ஆர். திரும்பி வந்தார்.

"ஆனா அந்த வயசுக்குத் தனி இடம் கிடையாது மேடம். நடக்கற வழியிலயும் உட்கார வைக்கக் கூடாது. மடியில வச்சுக்குங்க."

"மதுரை வரைக்குமா சார்?" என்றார் ஏகாம்பரம்.

"குழந்தைக்கு மதுரை வரைக்கும்தானே பிரயாணம்? நான் நடுநடுவுல வந்து பார்ப்பேன்."

அப்படியாகத் தாண்டவம் மடி ஏறியது. பாதி மேடத்தின் மடியில், பாதி ஏகாம்பரத்தின் மடியில். வித்வானுக்கு எழும்பூரிலிருந்து இல்லாத சௌகரியம். காலை நன்றாக நீட்டிக்கொண்டு, "குழந்தைக்கு வெயில் படுது, ஜன்னலை இறக்குங்க" என்றார். திருச்சியில் இறங்கும்போது பெட்டியை மெல்லத் தட்டி, "தயங்கி வாசி, அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார். ரயில் ஒவ்வொரு தடவை குலுங்கும்போதும் இரண்டு பேரின் தொடையும் கதறியது. ஆனால் உள்ளே மணிக்கட்டுக்கு ஒரு அசங்கல்கூட இல்லை, எந்த லக்கேஜ் வேனிலும் மடி கிடையாது. அதை நினைத்தபோது மங்கை மேடத்துக்கு வலி இனித்தது.

திருச்சி தாண்டியதும் ஜன்னலோரத்துக்காரர் ஒருவழியாகத் துண்டை எடுத்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிரே பார்த்தார்.

"என்னம்மா இது, மடியில?"

"தாண்டவம்" என்றார் மங்கை மேடம். "மிருதங்க வித்வான். போன மார்கழியில தனி ஆவர்த்தனத்துல எழுந்து கேன்டீனுக்குப் போயிட்டான். மூணு போண்டா சாப்பிட்டான்."

பெட்டிக்குப் பின்னாலிருந்து ஏகாம்பரத்தின் குரல் நசுங்கி வந்தது.

"ஒண்ணுதான் மேடம். அளவா விடுங்க, இங்க கனம் தாங்கல."